மச்சானுக்குச் சொன்ன காற்று

அன்று ஆலங்குடாக் கரையில் உம்மா நின்றார், என் அக்கா ராத்தா நின்றாள், நானும் நின்றேன். ராத்தாவின் கணவர், என் மச்சான், இல்லை. விடியலில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அவருடைய படகின் பற்றரி மட்டும் வீட்டில் என் மேசைக்கடியில் இருந்தது. அதில்தான் என் மடிக்கணினி ஓடிக்கொண்டிருந்தது.

யுத்தம் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு, நாடெங்கும் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டிய காலம் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் பௌதிகவியல் ஆய்வு வேறு. இரண்டு தங்க அணுக்கருக்கள் பெருவேகத்தில் மோதினால் என்ன ஆகும் என்று கணினியில் நடத்திப் பார்ப்பது என் வேலை. கருவுக்குள் இருக்கும் துகள்கள் சற்றுத் தள்ளி நின்றால் ஒன்றையொன்று இழுக்கும், மிக நெருங்கினால் தள்ளும். அந்த விசை எவ்வளவு என்று நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் பிழைவிட்டால் மோதுவதற்கு முன்பே கரு தானாகக் கலைந்துவிடும். ஒரு தசமத்துக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்தவன் நான். ஓட்டம் ஒன்றுக்கு மூன்று நாள் பிடிக்கும். இடையில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பற்றரியைக் கேட்டபோது மச்சான் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்குடா புரொபசர், பாட்டுக் கேக்கவா?" என்று சிரித்தார்.

படகுக்கு மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் இரண்டு நாள் நின்று வந்த மனிதரிடம், தங்கத்தைத் தங்கத்தோடு மோதவிடுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

"காத்து எப்பிடி அடிக்கும் எண்டு கணக்குப் பாக்கிறன் மச்சான்" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். பற்றரியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்.

ஓட்டத்தின் மூன்றாம் நாள் விடியலில் சுபஹு தொழுதுவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார். "வானம் ஒரு மாதிரிக் கிடக்கு. உன்ட மிசின் என்ன சொல்லுது?"

திரையில் துகள்களின் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அப்போதாவது சொல்லியிருக்கலாம். கண்ணைச் சுருக்கி, அந்த எண்களில் காற்றைப் படிப்பதுபோல் படித்தேன்.

"பயமில்ல மச்சான். பகலைக்குப் பொறகுதான் காத்து."

ஒன்பது மணிக்கே கச்சான் என்ற பலத்த மேல்காற்று பிடித்துவிட்டது. கரையில் நான் அங்குமிங்கும் நடப்பதைக் கண்ட ராத்தா, "நீ பாத்துத்தானே சொன்ன? பொறகு ஏன்டா பயப்படுற?" என்றாள்.

நண்பகலில் லுஹர் வாங்கு சொல்லும் நேரம் மச்சான் வந்து சேர்ந்தார். உள்ளங்கைகள் கிழிந்திருந்தன. வலை முழுவதையும் அறுத்துக் கடலில் விட்டுவிட்டுத்தான் தப்பி வந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. "காத்து மனிசனையே ஏமாத்துது, மிசின் பாவம் என்ன செய்யும்?" என்றார். நான் தலையாட்டினேன். சொன்ன பொய்யைவிட அந்தத் தலையாட்டல்தான் இன்றுவரை என்னைக் கூசவைக்கிறது.

ஓட்டம் பிழையில்லாமல் முடிந்தது. அதன் வரைபடம் என் ஆய்வேட்டில் இருக்கிறது, நல்ல வரைபடம் என்றார்கள். மச்சான் இன்னமும் விடியலில் போன் எடுத்துக் காற்றைக் கேட்கிறார். வானிலை அறிக்கையைப் பார்த்துச் சொல்கிறேன். என் கணக்கு என்றே நம்புகிறார்.

பெருநாளுக்கு ஊருக்குப் போனபோது அந்தப் பற்றரியைக் கண்டேன். செத்துப்போய், குசினிக் கதவு அடிக்காமல் முண்டு கொடுத்துக் கிடந்தது. அதைத் தாண்டி வந்துதான் ராத்தா தேத்தண்ணீர் தந்தாள். கோப்பையை நீட்டிய கை வளையல் இல்லாமல் வெறுமையாக இருந்தது. புது வலைக்காகக் கழற்றிக் கொடுத்தது இரண்டு காப்பு. மூன்றரைப் பவுண் தங்கம்.