அல்போன்சாவின் ஆத்தும சோதனை

அல்போன்சாவுக்கு அந்த ஆலை வேலை கிடைக்காவிட்டால் பம்பாய்தான். அங்கே ஒரு பணக்கார வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் அம்மாளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தார்கள். போனால் பெண் பிள்ளைகள் இரண்டையும் கன்னியர் மடத்தில் விட வேண்டும். புருஷன் கொழும்புக்குத் தோணியில் போனவன், தோணியோடு கடலில் போய்விட்டான். முத்தையாபுரத்துப் பக்கம் புதிதாக வந்த ரசாயன ஆலையில் முதலுதவி அறைக்கு ஒரு பெண் தேவை என்றதும் மனுப் போட்டாள். புண் கழுவவும் கட்டுப் போடவும் சிஸ்டர்மார் ஆஸ்பத்திரியில் பழகிய கை.

அது எழுபத்தைந்தாம் வருஷம். கைவேலையைச் சோதிப்பார்கள் என்று போனால், மெட்ராஸிலிருந்து வந்திருந்த கிருபாநிதி என்ற மனோதத்துவக்காரர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். ஆள் எப்படிப்பட்டவர் என்று இதிலேயே தெரிந்துவிடுமாம். ஆம், இல்லை, இரண்டில் ஒன்றைக் குறித்தால் போதும். பொய் சொன்னதுண்டா? அடுத்தவர் வாழ்வதைப் பார்த்து வயிறெரிந்ததுண்டா? யாராவது செத்தால் நல்லது என்று நினைத்ததுண்டா?

அதே வேலைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேபி, "ஏளா, கெட்டதுக்கெல்லாம் இல்லன்னே போடு. வீட்டுல வந்தா பாக்கப்போறான்?" என்று முணுமுணுத்தாள்.

அல்போன்சாவால் முடியவில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் கோயிலில் செய்யும் ஆத்தும சோதனையில் இதே கேள்விகள்தான். சிறுமியாக இருந்ததிலிருந்தே முழங்காலில் நின்று பதில் சொல்லிப் பழகியவள். அதில் ஒளித்தால் அது தனிப் பாவம். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆம், ஆம் என்று போட்டுக்கொண்டே போனாள்.

தாளைக் கொடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வேலை கேட்டு வந்த இடத்தில் பாவத்தையெல்லாம் கொட்டியாயிற்று.

உள்ளே கூப்பிட்டார்கள். "பொய் சொன்னதுண்டுன்னு போட்டது நீங்க ஒருத்தர்தாம்மா" என்றார் கிருபாநிதி. "மத்தவங்க யாரும் பொறந்ததுலேருந்து பொய்யே சொன்னதில்லையாம்."

"அப்ப சனிக்கிழமை கோயில்ல பாவம் சொல்ல வரிசையில நிக்கது யாரு சார்?"

அவர் சிரித்துவிட்டார். யார் ஒளிக்கிறார்கள் என்று பிரித்தெடுக்கவே அந்தக் கேள்விகளைக் கலந்து வைத்திருப்பதாகச் சொன்னார். அல்போன்சா மேசைமேல் கிடந்த தன் தாளைத் திரும்பப் பார்த்தாள். சாமியார்கூடச் சொன்னதை நம்பத்தான் வேண்டும். வாயில்லாத ஒரு தாள் ஒளித்தவளைக் கண்டுபிடித்துவிடுகிறது.

"யார் சாகணும்னு நினைச்சீங்க?"

"எங்க மாமியா. வருஷக்கணக்கா படுக்கையில கிடந்தாவ. சீக்கிரம் எடுத்துக்கிடும் ஆண்டவரேன்னு கேட்டேன். அவியளுக்காவவும் கேட்டேன், எனக்காவவும் கேட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எந்திரிச்சுப் போயி பீத்துணி மாத்துனேன்." சற்றுத் தயங்கினாள். "இது உங்களோட இருக்கும்லா சார்?"

"இல்லம்மா. மானேஜர் படிப்பார். வேணும்னா இந்த ஒண்ணை மாத்திக்கங்க. ஆனா, மத்த பதிலையும் அப்புறம் நான் நம்ப முடியாது."

நோயாளி சாக வேண்டும் என்று கேட்டவளிடம் எவன் புண்ணைக் காட்டுவான்? பம்பாய் ரயில் கண்ணுக்குள் வந்து நின்றது.

"இருக்கட்டும் சார். உள்ளதுதான?"

வேலை கிடைத்தது. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மானேஜர் காசிலிங்கம், தகரம் கிழித்த உள்ளங்கையோடு முதலுதவி அறைக்கு வந்தார். அல்போன்சா பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் தாளில் போட்டது எல்லாவற்றையும் படித்தவர்.

"என்னம்மா பாக்க? போடு" என்று கையை நீட்டிவிட்டு, எரியப்போகிறதே என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தன்னைப் பற்றி அத்தனையும் தெரிந்த ஒரு மனுஷன் கையைக் கொடுத்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். கோயில் பீடத்துக்கு முன்னால் நிற்பதுபோல் அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்தக் கையைப் பிடித்து, டிங்சரை ஊற்றினாள்.