விரலிடுக்கில் ஒரு மூடி

பந்து வீச வேண்டிய நாளில் வில்னேரிடம் யாரும் பேசவில்லை. எங்கள் ஊர் சான் பெத்ரோவின் பேஸ்பாலில் அதுதான் வழக்கம். அன்றைக்கு வீசப்போகிறவனிடம் பேசினால் அதிர்ஷ்டம் கலைந்துவிடுமாம். பெஞ்சின் ஒரு மூலையில் அவன் உட்கார்ந்தால், மற்றவர்கள் மறு மூலைக்கு நகர்வார்கள். தொற்றுநோய்க்காரனை ஒதுக்குவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

வில்னேர் கரும்புத் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவன். பேஸ்பாலில் முதல் வருஷம். கடைசி இரண்டு ஆட்டத்திலும் பந்து அவன் பேச்சைக் கேட்கவில்லை. ஒன்று, அடிக்க நின்றவனின் காதை உரசிக்கொண்டு போனது. அவன் வீசுவதைப் பிடிக்கும் ஆள் நான். மேனேஜர் ஃபபியான் முந்தின நாளே சொல்லிவிட்டார்: "நாளைக்கும் சொதப்பினா, வெட்டுக்கத்தியைத் தூக்கிட்டுக் கரும்புக்கே போயிடு."

மதியம், வாழைக்காய் மசியலும் சலாமி இறைச்சியும் அவன் தட்டில் ஆறிக் கிடந்தன. வலது கையால் சட்டைப் பொத்தானைப் போடப் பார்த்தான், நழுவியது. மறுபடியும் நழுவியது. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடது கையால் போட்டுக்கொண்டான். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகு என்னால் மறு மூலையில் இருக்க முடியவில்லை. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எலாதியோ அண்ணே, பேசாதீங்க. கெட்டுடும்."

"கெடுறதுக்கு இனி என்னடா இருக்கு? கண்ணை மூடு."

மறு மூலையிலிருந்து எங்கள் அணியின் நெஸ்தோர் கத்தினான்: "பேசிட்டான் பாரு! தோத்தா உன் தலையிலதான்டா!"

தண்ணீர்க் கேனின் பிளாஸ்டிக் மூடி ஒன்று தரையில் கிடந்தது. எங்கள் தெருக்களில் அதைத்தான் வீசி, துடைப்பக் கம்பால் அடித்து வளர்ந்தோம். அதை எடுத்து அவன் வலது கையின் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே செருகினேன்.

"கையில என்ன இருக்கு?"

"இன்னும் ஒண்ணும் வைக்கலையே அண்ணே."

கண்ணைத் திறந்தவன் மூடியைப் பார்த்தான். உதடு வெளுத்துவிட்டது.

"சொல்லிடாதீங்க அண்ணே. கிளப்புல முழங்கைக்கு ஊசி போடறாங்க, வலி தெரியாது. இன்னைக்கு ரேடியோவுல என் பேர் வரும்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிவெச்சிருக்கா."

அவன் அப்பாவின் முதுகைத் தேயவிட்டு, அடுத்த முதுகைத் தேடிக்கொண்டது சர்க்கரை ஆலை. மகனின் முழங்கையை அதே கணக்கில் எடுத்துக்கொண்டது கிளப். இதில் அதிர்ஷ்டத்துக்கு என்ன வேலை?

ஃபபியான் வந்தார். வில்னேர் பக்கத்திலேயே இருக்க, என்னிடம் கேட்டார்: "பையன் தயாரா?"

"அவனையே கேளுங்க."

வில்னேர் எழுந்தான். மூடி செருகியிருந்த கையை நீட்டினான்.

"இது இருக்கிறதே எனக்குத் தெரியல சார். போன தடவை காதோட போச்சு. இந்தத் தடவை யாரு மண்டையில படுமோன்னு பயமா இருக்கு."

ஃபபியான் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அன்றைய ஆட்டக்காரர் பலகையில் அவன் பெயரை அழித்தார். "நாசமாக்கிட்டியே" என்றார், அவனிடம் அல்ல, என்னிடம்.

அவனை நான் கூட்டிப்போன மருத்துவமனை வராந்தாவில் ரேடியோ வேறொருவன் பெயரைச் சொன்னது. வில்னேர் இடது கையால் என் சட்டையைப் பிடித்திருந்தான். வலது கை அந்த மூடியை அழுத்திக்கொண்டே இருந்தது.

"தெரியுதாடா?"

"இல்லண்ணே."

மறுபடியும் அழுத்தினான்.