லீவு கலாஸ்

கார்மேகம் அண்ணனுக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். நியாயமான கோபம், அதனால் நான் எப்போதும் அவர் கட்சி. துபாய் அல் குசைஸில் என் மளிகைக் கடைக்கு எதிரே உள்ள தொழிலாளர் கேம்பில் இருக்கிறார். பரமக்குடிக்காரர், சாரம் கட்டும் வேலை. ஊரில் அவருடைய அப்பா செத்த செய்தியை, டூட்டி கெட்டுப்போகும் என்று ரூம்காரர்கள் காரியம் முடியும்வரை மறைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து யாராவது மூடி மறைத்தால் அவருக்கு ஆகவே ஆகாது.

போன ஞாயிறு, செராமிக் கம்பெனியில் இருக்கும் கூட்டாளிகளைப் பார்க்க இருவரும் ராஸ் அல் கைமா போனோம். யார் வந்தாலும் அவர்கள் ஜசீரா அல் ஹம்ராவுக்குக் கூட்டிப் போவார்கள். முத்துக் குளித்தவர்கள் வாழ்ந்து, விட்டுப்போன பழைய ஊர். பவளக்கல் சுவர்கள், ஆளில்லாத வீடுகள்.

ஒரு சுவர் நிழலில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தோம். அவர்களில் புதிதாக வேலைக்கு வந்த மணிமாறனுக்கு வாயெல்லாம் பல்.

"லீவு கெடச்சிருச்சுண்ணே! மகளுக்குக் காது குத்து. நான் இங்க வந்தப்புறம் பொறந்தவ, இன்னும் நேர்ல பாக்கல."

"போர்மேன் என்னடா சொன்னான்?" என்றார் அண்ணன்.

"'லீவு கலாஸ்'னான்."

அண்ணன் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். இந்த ஊரில் வேலை முடிந்தாலும் கலாஸ், அரிசி தீர்ந்தாலும் கலாஸ். லீவு கிடையாது, பேச்சு முடிந்தது என்று போர்மேன் சொன்னதை, லீவு முடிவாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு இவன் பெட்டியே கட்டிவிட்டான். அவன் ரூமிலேயே இருக்கும் ரகுநாதன் குனிந்துகொண்டு சிரித்தான்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"ரெண்டு நாள் சந்தோசமா இருக்கட்டுமேன்னுதாண்ணே..."

"பிள்ளைக்குக் கொலுசு வாங்கி வச்சிருக்கான், வேடிக்கையாடா பாக்குற? நீயெல்லாம் ஒரு மனுசனா?"

எனக்கும் அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது. அண்ணன் மணிமாறனிடம் விஷயத்தை உடைத்துச் சொன்னார். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்து அவன் மனைவி வடிவு போனில் வந்தாள். ஸ்பீக்கரில் கேட்டது.

"லீவு உறுதிதானங்க? சொந்தக்காரங்களுக்குச் சொல்லிரவா?"

"கலாஸ்" என்றான் மணிமாறன்.

முடிவாகிவிட்டது என்ற அர்த்தத்தில் அவளுக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். "அப்பா வர்றாகடி!" என்று அவள் குழந்தையிடம் சிரித்தாள்.

அண்ணன் போனைப் பிடுங்கினார்.

"தாயி, நான் கார்மேகம் அண்ணன் பேசுறேன். ஒம் புருசன் இப்ப வரல. லீவு இல்லைன்னுட்டாய்ங்க."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

"அழுகுறாளேண்ணே!" மணிமாறன் கத்தினான்.

"அழட்டும்டா. தெரிஞ்சு அழட்டும். என்னைய அழக்கூட விடலையேடா."