அன்புசெல்வியின் தண்ணீர் பாட்டில்

எனக்குக் கை சும்மா இருந்தால் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்த தப்பில் பாதி அதனால் வந்ததுதான்.

நான் பிரிசில்லா. நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினான்கு வருடமாகப் பேட்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் ஓவர்லாக் மெஷினில் இருப்பவள் அன்புசெல்வி. அவள் பனியனின் தோளையும் பக்கத்தையும் மூட்டித் தள்ளினால்தான் நான் கையையும் அடியையும் மடித்துத் தைக்க முடியும். அவள் எழுந்து போனால் என் மெஷின் நின்றுவிடும்.

அவளுக்கு இருபத்தாறு வயது. சாமளாபுரத்துப் பெண். தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவளுக்கு எங்கள் கம்பெனி அமைதியான இடமாகத் தெரிந்ததாம். மூன்று வருடம் கைமடி வேலை பார்த்தாள். டெய்லர்களுக்குப் பக்கத்தில் நின்று பீஸ்களை எடுத்துக் கொடுப்பதும் அடுக்குவதும்தான் அந்த வேலை. சாப்பாட்டு நேரத்தில் எந்த மெஷின் காலியாக இருந்தாலும் அதில் வேஸ்ட் துணியைப் போட்டுத் தைத்துத் தைத்துப் பழகினாள். அப்படிப் போராடிப் பிடித்ததுதான் அந்த ஓவர்லாக் சீட். போன வருடம்தான் கிடைத்தது. கிடைத்த கையோடு வயிற்றிலும் ஒன்று வந்துவிட்டது.

சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் கெட்டவர் இல்லை. ஆனால் பேச்சில் வளவளப்பு இல்லை. "லைன் நிக்காத வரைக்கும் சீட்டு உன்றதுதான் அம்மிணி. நின்னா மறுபடியும் கைமடிக்குப் போயிரோணும்" என்றார். அன்புசெல்வி தலையாட்டினாள். ஒன்பதாம் மாதம் கட்டுச்சோறு ஆக்கித் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிற நாள்வரை அந்த ஸ்டூலை விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

மூன்றாம் மாதம் மெஷின் ஆயில் வாசனை அவளுக்குக் குமட்டியது. ஒரு துண்டு நெல்லிக்காயை வாயில் அடக்கிக்கொண்டு தைத்தாள். அப்புறம் எது சாப்பிட்டாலும் நெஞ்சைக் கரித்தது. இட்லியைப் பாதிப் பாதியாக்கி நாலைந்து வேளைக்குப் பிரித்துச் சாப்பிடச் சொன்னேன். கேட்டது. இடுப்பு வலிக்கு, கட்டிங் வேஸ்ட்டை ஒரு பழைய பனியனுக்குள் திணித்து நானே தலையணை தைத்துக் கொடுத்தேன். இடது கால் வீங்கியபோது அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் தூக்கி வைக்கச் சொன்னேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் கீழே உட்கார்ந்து அவள் கால் விரல்களை மேல்பக்கமாக மடக்கிப் பிடித்துவிடுவேன். நான் ஈவு இரக்கம் இல்லாதவள் இல்லை என்பதற்காக இதையெல்லாம் சொல்கிறேன்.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆறாம் மாதத்திலிருந்து அவளுக்கு அரை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போகவேண்டி வந்தது. பாத்ரூம் பேக்கிங் செக்‌ஷனுக்குப் பின்னால். லைனுக்கு ஒரு டோக்கன், ஆணியில் தொங்கும். அவள் டோக்கனை எடுத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பனியன் கட்டுகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கிப் போய்விட்டு வருவதற்குள் என் மேஜை காலியாகிவிடும். நான் திட்டியதில்லை. ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் எழுந்திருக்கும்போதெல்லாம் "ச்சு" என்று ஒரு சத்தம் மட்டும் என் வாயில் வரும். அது வருவது எனக்கே தெரியாது.

ஏழாம் மாதம் பிறந்ததும் அவள் எழுந்து போவது குறைந்தது. பிறகு சாப்பாட்டு நேரத்தில் மட்டும் என்றாகிவிட்டது. பரவாயில்லையே, உடம்பு பழகிக்கொண்டது என்று நினைத்தேன். இரண்டு பிள்ளை பெற்ற நான் அப்படி நினைத்தேன்! ஷிப்மெண்ட் நெருங்கிய நேரம். பீஸ் தண்ணீராக வந்து விழுந்தது. மகுடேஸ்வரன் எங்கள் லைனைப் பார்த்துச் சிரித்தார்.

அவளோ ஸ்டூலில் ஒரு நிமிடம் நிலையாக இருக்கமாட்டாள். இந்தப் பக்கம் சாய்வாள், அந்தப் பக்கம் சாய்வாள், தொடைகளை இறுக்கிக்கொள்வாள், தலையணையை இழுத்து மறுபடி வைப்பாள். பார்க்கிற எனக்கே இருப்புக் கொள்ளவில்லை.

"ஏங் கண்ணு இப்புடி நெளியற?"

"ஒண்ணுமில்லீங்கக்கா, இடுப்புதானுங்க."

அவளுடைய நீலப் பாட்டில் மேஜை ஓரத்தில் நிரம்பியபடியே நின்றது. என் பாட்டில் காலியானதும் ஒருநாள் அதை எடுத்தேன். "குடிங்கக்கா, எனக்கு வேண்டாமுங்க" என்றாள். குடித்தேன். அதற்கப்புறம் தினமும் மத்தியானம் அவள் தண்ணீரை நான்தான் குடித்தேன்.

ஒரு வியாழக்கிழமை பதினொரு மணி இருக்கும். அவள் மெஷின் சட்டென்று நின்றது. எனக்கு நாக்கு மேலே ஒட்டி "ச்சு" வரப் போனது. அதற்குள் அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். உதடு வெளுத்திருந்தது, உடம்பு நடுங்கியது.

"அக்கா, வவுறு கல்லாட்டம் இறுகுதுங்க. விட்டு விட்டு வருதுங்க."

ஏழாம் மாதம். அதற்குள் வலியா! அவள் புருஷன் பிரதீப் லோடு வண்டி டிரைவர், பெருமாநல்லூருக்குச் சரக்கு ஏற்றப் போயிருந்தான். அவனுக்குப் போன் போடும்படி மகுடேஸ்வரனிடம் சொல்லிவிட்டு, அவளை நானே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். போகிற வழியெல்லாம் அவளால் உட்காரவும் முடியவில்லை, சாயவும் முடியவில்லை. நெற்றி கொதித்தது. "கம்முனு இரு கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். உள்ளுக்குள் கர்த்தரே, கர்த்தரே என்று கதறினேன்.

டாக்டரம்மா பார்த்தார். குழந்தையின் துடிப்பு நன்றாக இருந்தது. சிறுநீரில் கிருமி சேர்ந்திருக்கிறது, காய்ச்சலும் வயிறு இறுகுவதும் அதனால்தான் என்றார். டிரிப்ஸ் ஏற்றி ஊசி போட்டார்கள்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா குறைமாசத்துலயே வலி எடுத்திருக்கலாம். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறே?"

"காலையில ஒரு டம்ளருங்க. அப்பறம் சாயந்திரம் ஊட்டுக்குப் போயிக் குடிப்பேனுங்க."

"நடுவுல?"

"இல்லீங்க. குடிச்சா எந்திரிக்கோணுமுங்க."

"எந்திரிச்சா என்ன? யாரு திட்டுறாங்க?"

அன்புசெல்வி அவசரமாகத் தலையாட்டினாள். "ஆரும் திட்டலீங்க. அக்காவுக்கு வேலை நின்னுபோயி, 'ச்சு'ம்பாங்க. அது கேட்டா எனக்கு ஒரு மாதிரி ஆயிருமுங்க. அதுதானுங்க."

குறை சொல்கிற குரலே இல்லை. காலையில் பஸ் கிடைக்கவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதேன்.

சாயந்திரத்துக்குள் வயிறு தளர்ந்தது. பத்து நாள் ஓய்வுக்குப் பிறகு, உட்கார்ந்து வேலை செய்யலாம், தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும், அடக்கவே கூடாது, மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் வந்தபோது அவள் சீட்டில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். நான் மகுடேஸ்வரனிடம் போனேன்.

"அன்புசெல்வி உக்காருலீன்னா நானும் உக்காருலீங்க" என்றேன். இந்த ஊரில் நல்ல பேட்லாக் டெய்லர் கிடைப்பது குதிரைக்கொம்பு. அவர் முனகிக்கொண்டே சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

முதல் நாளே பார்த்தேன், பாட்டில் மறுபடியும் நிரம்பித்தான் நின்றது. பத்து மணிக்கு அவள் நெளிய ஆரம்பித்தாள். என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் அவள் காது என் பக்கம்தான் இருந்தது. நான் மெஷினை ஆஃப் செய்துவிட்டு எழுந்து டோக்கனை எடுத்தேன்.

"எனக்கு வருது கண்ணு. தொணைக்கு வா."

"லைன் நிக்குதே பிரிசில்லாக்கா!" என்று மகுடேஸ்வரன் அங்கிருந்து கத்தினார்.

"நாந்தானுங்க நிறுத்துனேன்" என்றேன்.

திரும்பி வந்ததும் அவள் பாட்டிலைத் திறந்து மடமடவென்று பாதி குடித்தாள். பழக்க தோஷம், மீதியை என்னிடம் நீட்டினாள். "அதையும் நீயே குடி" என்றேன். குடித்தாள்.

அவளைக் கட்டுச்சோறு ஆக்கி அழைத்துப் போகிற வரைக்கும் எனக்கு மணிக்கு ஒரு தடவை வந்துகொண்டேதான் இருந்தது. மகுடேஸ்வரன் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுக்கும் ஒருக்கா சக்கரை டெஸ்ட் எடுத்துப் பாத்தருங்கக்கா" என்றார். பார்க்கிறேனுங்க என்று சொல்லிவிட்டு டோக்கனை எடுத்துக்கொண்டேன்.