மருந்தை நிறுத்தியவரின் கதிரை

ஆஸ்பத்திரியின் குழந்தைகள் விடுதியில் காலைச் சுற்று முடியாத நேரம் நெல்லியடியிலிருந்து அழைப்பு வந்தது. "அக்கா மோசம் போயிட்டா, டொக்டர்" என்று யோகமலர் இறந்த செய்தியைச் சொன்னார் அவருடைய தங்கை. பக்கத்தில் நின்ற தாதி என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். இருவரும் அடுத்த கட்டிலுக்குப் போனோம். வேறு என்ன செய்வது?

டொக்டர் யோகமலரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிருமிகளைக் கண்டறியும் ஆய்வுகூடம் அவர் பொறுப்பில் இருந்தது. அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் விடுதிக்கு வந்து, எந்தப் பிள்ளைக்கு எந்த அன்ரிபயோட்டிக், ஏன், இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுக் கேட்டு எங்கள் உயிரை வாங்கினார். அவரை 'மருந்துப் பொலிஸ்' என்போம். பெயர் வைத்தவன் நான்தான். அது அவருக்கும் தெரியும்.

ஒருமுறை காய்ச்சல் பிள்ளையொன்றுக்குப் பலமான ஊசி எழுதியிருந்தேன். "எந்தக் கிருமிக்கு டொக்டர் இது?" என்றார். தெரியாது என்றேன். "ஆரெண்டு தெரியாமல் அடிக்கிறியள். அடிவாங்கித் தப்பினவன் சும்மா இருப்பானோ? நாளைக்கு உந்த மருந்துக்கே அடங்கமாட்டான்." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் இரத்தத்தை அவருடைய ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன்.

குருநகர்த் தகப்பன் ஒருவரை மறக்க முடியாது. அவருடைய மகளுக்கு வைரசுக் காய்ச்சல். பரிசோதனையில் வேறு கிருமி இல்லை. யோகமலர் ஊசியை நிறுத்தச் சொல்ல, அந்த மனிதர் விடுதியே அதிரக் கத்தினார். "கடையிலை கேட்டாலே மருந்து தாறாங்கள். நீங்கள் என்ரை பிள்ளையைச் சாகவிடப் போறியளோ?" யோகமலர் வாதாடவில்லை. ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார். "நிப்பாட்டச் சொன்னது நான், தம்பி. காய்ச்சல் விடுமட்டும் நானும் இதிலைதான் இருப்பன்." பிள்ளையின் நெற்றியைத் துடைத்தார், மூச்சைப் பார்த்தார், மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்தார். பின்னேரம் பிள்ளை விசுக்கோத்துக் கேட்டது. அந்த வெள்ளிக்கிழமை தகப்பன் விளைமீன் கொண்டுவந்தார். சுத்த சைவமான யோகமலர் முகம் சுளிக்காமல் வாங்கி, அவர் படியிறங்கும்வரை பொறுத்து, மீன் தின்னும் வேதக்காரனான என் கையில் திணித்தார்.

மருந்தில் கஞ்சத்தனம் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் கைக்குழந்தை ஒன்றின் இரத்தத்தில் பொல்லாத கிருமி வளர்ந்தபோது, தொலைபேசியில் சொல்லியும் மனம் கேளாமல் படியேறி ஓடிவந்தவர் அவர். "பலமானதை இப்பவே குடுங்கோ. இண்டைக்கு இது வேலைசெய்யவேணும் எண்டுதானே இவ்வளவு காலமும் பொத்தி வைச்சனாங்கள்." மருந்து வேலை செய்தது. அவர் ஒரு மூலையில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன்.

இறுதிச் சடங்கன்று செத்தவீட்டுக்குப் புறப்பட்டு நின்றேன். அன்று காலைதான் அச்சுவேலிப் பிள்ளையொன்றுக்குக் கிருமி இல்லையென்று முடிவு வந்து, மருந்தை நிறுத்தியிருந்தேன். காய்ச்சல் விடவில்லை. "நீங்களும் போயிட்டால் நான் ஆரைக் கேக்கிறது?" என்றார் தாய். நான் கதிரையை இழுத்துப் போட்டேன். யோகமலரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தப் பழக்கம்தான்.

நெல்லியடிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, முற்றத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "பிந்திப் போனியளே" என்றார் தங்கை. காரணத்தைச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் அதே குரலில் கேட்டார்.

"காய்ச்சல் விட்டிட்டுதோ?"

"ஓம்."

"அப்ப சரி. அதுக்கு முதல் வந்திருந்தால்தான் அக்கா ஏசியிருப்பா."