கணிதத்தில் நான்கு மதிப்பெண்

2001 ஜூன் 14, வியாழக்கிழமை. ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு எழுந்தேன். ஐந்தரைக்குள் தெருக்குழாயில் ஆறு குடம் பிடித்தாயிற்று. ஆறேகாலுக்கு மேசையில் உட்கார்ந்து, முந்தின நாள் பாதியில் விட்ட பார்டரைத் தொடர்ந்தேன். பட்டுச்சேலைக்கு டிசைன் வரைந்து கொடுப்பது என் தொழில். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் தறிக்கான அட்டையில் துளை போடுவார்கள். ஒரு கட்டம் தவறினால் மயிலுக்குக் கழுத்து ஒடிந்துவிடும்.

பதினொன்று இருபதுக்குத் தபால்காரர் வந்தார்.

"சார், பொண்ணுக்கு யூனிவர்சிட்டி கவரு. ஸ்வீட் எங்க?"

பிரித்தேன். தமிழ், சமூக அறிவியல் இரண்டிலும் தேர்ச்சி. கணிதம் முப்பத்தொன்று. முப்பத்தைந்து வேண்டும்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயதில் மூட்டுக் காய்ச்சல். ஒன்றரை வருடம் படுக்கை. எழுந்து பள்ளிக்குப் போனபோது தன்னைவிடச் சிறியவர்களோடு உட்காரச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். வீட்டிலேயே படி என்றேன். பிளஸ் டூ படிக்காதவர்களும் பதினெட்டு வயதானால் மூன்று தாள் தேர்வு எழுதித் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பில் சேரலாம் என்று விசாரித்து வைத்திருந்தேன். சேர்க்கை இம்மாதக் கடைசியோடு முடிகிறது. அடுத்த தேர்வு டிசம்பரில்தான். அதை எழுதினாலும் சேர அடுத்த ஜூன் ஆகும். நான்கு மதிப்பெண்ணுக்கு ஒரு வருடம்.

பன்னிரண்டு ஐம்பதுக்குத் தேர்வு மையத்தில் இருந்தேன். எழுத்தர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"நாலு மார்க்குக்கா இந்த வெயில்ல சைக்கிள் மிதிச்சிக்கினு வந்தீங்க?"

"அவள் எல்லாக் கணக்கும் சரியாகப் போட்டிருக்கிறாள். திருத்தியதில்தான் தவறு."

"எந்த ஸ்கூலு?"

"வீட்டில் படித்தாள்."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்."

என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப சரியாத்தான் இருக்கும்." பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். "மறுகூட்டல் ஃபாரம் இது. டிசம்பர் ஃபாரம் இது. ரெண்டையும் வச்சிக்கோங்க சார், எனக்குச் சாப்பாடு ஆறுது."

"மறுகூட்டல் முடிவு எப்போது வரும்?"

"வரும்போது வரும்."

திரும்பும் வழியெல்லாம் பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். மூன்று பத்தி ஆயிற்று.

ஆதாரம் வேண்டுமே. வீட்டுக்கு வந்ததும் மகளிடம் வினாத்தாளை எடுத்துக் கொடுத்து, தேர்வில் போட்டது போலவே ஒவ்வொன்றாகப் போடச் சொன்னேன். வரைபடக் கணக்கு இரண்டு, ஒவ்வொன்றும் பத்து மதிப்பெண். எதிர் வீட்டுப் பெண்ணிடம் பள்ளி கிராஃப் நோட்டு வாங்கி வந்து போட்டாள். பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டரையைக் குறிக்க, இரண்டாவது தடித்த கோட்டிலிருந்து நான்கு சிறு கட்டம் தள்ளிப் புள்ளி வைத்தாள்.

"ஏம்மா நாலு?"

"பாதின்னா நாலுதானேப்பா? தடிக்கோட்டுக்குத் தடிக்கோடு எட்டு."

பென்சில் நின்றது. நோட்டை முகத்தருகே கொண்டுபோய் எண்ணினாள். "ஐயோ அப்பா. இதுல பத்து இருக்குது. பரீட்சையிலயும் எட்டுன்னு நெனச்சித்தான் வச்சேன்."

நான் வரையும் டிசைன் தாளில் எட்டுக் கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு. மிச்சம் விழும் தாள்களில்தான் நான்கு வருடமாக அவளுக்கு வரைபடம் பழக்கினேன். அதில் அவள் புள்ளிகள் ஒன்றுகூடத் தவறியதில்லை. தேதி போட்டு, சிவப்பு மையில் சரி என்று எழுதிய அத்தனை தாள்களும் அலமாரியில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. வேறு தாள் ஒன்றை வாங்கிக் காட்டவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து என் டிசைன் தாளையும் கிராஃப் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "வீட்ல கெடக்குதேன்னு குடுத்தீங்க. அந்த ஆபீஸ்காரனாண்ட வேற போய் மொறச்சிக்கினு வந்திருக்கீங்க."

காலையிலிருந்து யார் மேலெல்லாமோ இருந்த கோபத்துக்கு இப்போது போக இடமில்லை.

"ரெண்டு பேப்பர் பாஸானது அப்படியே நிக்கும் இல்லப்பா?" என்றாள் மகள்.

"நிற்கும். கணக்கு மட்டும் எழுதினால் போதும்."

"என் செட்டு பொண்ணுங்க அதுக்குள்ள செகண்ட் இயர் போய்டுவாளுங்க." உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. மனைவி தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். பார்டரில் அன்று நான் நிரப்பியது பதினோரு வரிசை. வழக்கமாக முப்பது.

மறுநாள் காலை முதல் வேலையாக, குழாயடிக்குப் போகும் முன், மறுகூட்டல் படிவத்தை நான்காகக் கிழித்தேன். மகளை எழுப்பி டிசம்பர் படிவத்தை நீட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு பேனாவைத் தேடி, அவளே நிரப்ப ஆரம்பித்தாள்.