மனைவிக்கு நான் வைத்த நேர்முகப் பரீட்சை

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை, என் மனைவிக்கு நேர்முகப் பரீட்சை வைத்தேன்.

சிரிக்காதீர்கள். சேர்ட் எல்லாம் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து, 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று ஆரம்பித்தேன். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான்; மாப்பிள்ளைதான் வந்து குடியேற வேண்டும். பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு சூட்கேசோடு வந்து ஏறியவன், வீட்டுக்காரியைப் பார்த்து இப்படிக் கேட்கும் வாய்ப்பு இனி எப்போது கிடைக்கும்?

ஆனால் விஷயம் விளையாட்டல்ல. வதனி மட்டக்களப்பு டவுனில் ஒரு தனியார் கம்பனியின் கிளையில் கணினி சேர்வர்களைப் பார்த்துக்கொள்கிறாள். அந்தக் கிளையை மூடப்போகிறார்கள். கொழும்புக்கு வா, இல்லையென்றால் வீட்டுக்குப் போ... இரண்டில் ஒன்று. மகளுக்கு இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை, விட்டுவிட்டுப் போக முடியாது. நாற்பத்தொரு வயதில் சும்மா இருக்கவும் அவளால் முடியாது. மிஞ்சியது ஒரே வழி — வந்தாறுமூலையில் எங்கள் வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய ஒரு டெவொப்ஸ் வேலை. இன்டர்வியூ செவ்வாய்க்கிழமை.

டெவொப்ஸ் என்றால்? பனிச்சங்கேணியில் இருந்து இறால் கொண்டுவந்த என் சகலனும், வதனியின் அக்காவின் கணவர், இதைத்தான் கேட்டார்.

"அத்தான், வயல் வட்டைக்குள்ள விதைக்கிறது ஒராள், தண்ணி கட்டுறது வேற ஆள் எண்டு வையுங்க," என்றாள் வதனி. "வெள்ளாம பிழைச்சா அவர் இவரச் சொல்லுவார், இவர் அவரச் சொல்லுவார். சொப்ட்வெயாரிலயும் அதுதான். எழுதுறது ஒரு கூட்டம், ஓட விடுறது ஒரு கூட்டம். ரெண்டையும் ஒண்டாக்கினா டெவொப்ஸ்."

சகலன் இறால் பையைக் கீழே வைத்தார். "அப்ப ரெண்டு பேர்ர வேலைய ஒராள் செய்யிற. சம்பளம் ஒண்டு."

நான் படித்த எந்த விளக்கமும் இவ்வளவு தெளிவாக இருக்கவில்லை.

நெட்டில் இருந்து நூற்றைம்பது கேள்விகளைப் பதிலோடு பிரின்ட் எடுத்திருந்தாள். உயர்தரப் பரீட்சைக்குப் பாடமாக்கியது மாதிரியே பாடமாக்கினாள். டொக்கர் என்றால் என்ன, குபர்நெட்டீஸ் என்றால் என்ன — கேள்வி முடியுமுன் பதில் வந்து விழும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் புருவத்தைச் சுருக்கி, தலையை ஆட்டி, 'அடுத்தது' என்றேன். நிஜ இன்டர்வியூக்களிலும் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள் என்று எனக்கொரு சந்தேகம்.

முப்பத்தேழாவது கேள்வியில் சிக்கினோம். 'உங்கள் தவறால் ஒரு சிஸ்டம் நின்றுபோன சம்பவத்தைச் சொல்லுங்கள்.'

தாளில் இருந்ததை ஒப்புவித்தாள். சிறிய தடங்கலாம், குழுவாகச் சேர்ந்து சீர்செய்தார்களாம். உப்புச்சப்பில்லாத பதில்.

"உண்மையா ஒண்டுமே நடக்கல்லியா?" என்றேன்.

வதனி தாளைக் கவிழ்த்து வைத்தாள். "ஒருத்தருக்கும் சொல்லப்படா."

ஆறு வருடத்துக்கு முன், சோதனை சேர்வர் என்று நினைத்து, உண்மையான சேர்வரில் இருந்த தகவல்களை அழித்துவிட்டாளாம். கிளை முழுக்க அரைநாள் வேலை நின்றது. முகாமையாளர் ஓடிவந்து கேட்டபோது இவள் வாயில் வந்தது — "கரண்ட் கூடிக் குறைஞ்சது, சேர்."

நம்பிவிட்டார்! நம் ஊரில் கரண்ட் மேல் பழி போட்டால் யார் மறுப்பது? அடுத்த மாதமே, கரண்ட் போனாலும் சேர்வரைத் தாங்கும் பெரிய யூபிஎஸ் ஒன்று வந்து இறங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு நவராத்திரி வாணி விழாவுக்கும் அந்த யூபிஎஸ்ஸுக்குச் சந்தனம், குங்குமம், பூமாலை.

"பொட்டு வைக்கிறது ஆர் எண்டு நினைக்கிறீங்க? நான்தான்."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"இத மட்டும் அங்க சொல்லிப்போடாத," என்றேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் குறையைச் சொல்லிக் கலியாணம் பேசியவர்கள் உண்டா? கையில் நூற்றைம்பது பதில் இருக்கும்போது எதற்கு நூற்றைம்பத்தோராவது? அவளும் சரி என்றுதான் தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை. அறைக்குள் லெப்டொப்பின் முன் வதனி. வெளியே, கதவில் காதை வைத்தபடி நான்.

கேட்டார்களே அந்தக் கேள்வியை! வதனி தொடங்கினாள்... அழித்தது, அரைநாள் நின்றது, கரண்ட் என்று சொன்ன பொய், யூபிஎஸ், பூமாலை வரைக்கும். அதுவும் ஆங்கிலத்தில்.

எனக்கு வந்த கோபம்! கதவைத் தட்டி நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார்கள். உண்மையான சேர்வரின் திரையை அடுத்த நாளே சிவப்பாக்கினாளாம். எதையும் அழிக்குமுன் அந்த சேர்வரின் பெயரை வாய்விட்டுச் சொல்வாளாம், இன்றுவரைக்கும். பக்கத்து மேசைக்காரர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

இந்த ஆறு வருடமும் ஒரே வீட்டில் இருந்தும் இந்தப் பயம் எனக்குத் தெரியாது. கோபம் போய் வெட்கம் வந்தது.

வெளியே வந்தவளிடம், "ஏன் சொன்ன?" என்றேன்.

"தாளில கிடந்ததத்தான் சொல்ல வாயெடுத்தன். இன்னொருக்காப் பொய் சொல்ல ஏலாமப் போயிட்டு."

வெள்ளிக்கிழமை போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது! இன்டர்வியூவுக்கு வந்த மற்றவர்கள் யாருமே வாழ்க்கையில் ஒன்றையும் உடைத்ததில்லையாம். அப்படிப்பட்டவர்களின் கையில் சேர்வரைக் கொடுக்கப் பயமாக இருந்தது என்றார்களாம். வதனி அழுதாள். நானும்தான்... எழுதுவதற்கென்ன வெட்கம்?

அன்று பின்னேரம் தேத்தண்ணியோடு வந்து எனக்கு எதிரே அமர்ந்தாள்.

"இப்ப என்ட முறை. இந்தப் பதினெட்டு வருசத்தில நீங்க பிழை செஞ்சு, பழிய வேற ஆள்ள போட்ட ஒண்டச் சொல்லுங்க பாப்பம்."

யோசித்தேன். மனச்சாட்சியைத் தொட்டு, நன்றாகவே யோசித்தேன்.

"அப்பிடி ஒண்டும் இல்லியே..."

வதனி கோப்பையை மேசையில் வைத்தாள். "சரி, நீங்க போயிட்டு வாங்க. பொறகு அறிவிக்கிறம்."